வென்டிலேட்டரில் இருக்கும்போதே பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரோடு படுத்திருக்கும் புற்றுநோயாளிகளின் கை கால் என்னவாகிறது என்றும் எழுதுங்கள்.

என் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ நடக்கும்போது நிமோனியா வந்து வென்டிலேட்டர் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் வார்டுக்கு வந்தபோது, மாந்தோப்பில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த மனிதரால் காபி டம்ளரை வாய்வரை தூக்க முடியவில்லை, தொடை வற்றித் தோல் தொங்கியது. கால்களை மடக்கி நீட்டிவிடலாமா என்று அங்கே கேட்டதற்கு, "குழாய் கழன்றுவிடும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பயம் நியாயம்தான். ஆனாலும் 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில், மயக்க மருந்தை நிறுத்தி விழிக்க வைக்கும் நேரத்திலேயே கை காலை அசைக்கும் பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொண்டார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35 சதவீதம்தான். அது புற்றுநோயாளிகளுக்கென்று நடந்த ஆய்வு இல்லை, சரி. 2022-இல் 750 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வழக்கத்தைவிடக் கடுமையாகப் பயிற்சி கொடுத்ததில் பலன் கூடவில்லை, பாதிப்புகள்தான் கூடின. அதனால் எல்லோரையும் இழுத்து நடக்க வைக்கச் சொல்லவில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், எலும்பில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் கை காலை அசைப்பது, அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, இந்த அளவாவது அன்றாடம் நடக்கலாமே. கீமோவும் ஸ்டீராய்டும் ஏற்கெனவே தசையைக் கரைத்திருக்கும் உடம்பு அது. எழுந்து நடமாட முடியாதவருக்கு அடுத்த கீமோவையே தள்ளிப் போடுகிறார்கள், சித்தப்பாவுக்கும் அப்படித்தான் தள்ளிப் போனது, அந்த இடைவெளியில் நோய் சும்மா இருக்குமா?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், நல்ல திட்டம். அதே அக்கறை ஐ.சி.யூ. கட்டிலிலேயே தொடங்கட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஐ.சி.யூ.வுக்கென்றே பிசியோதெரபிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமையும் பணியில் இருக்கும்படி சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் மருத்துவமனைகளும், கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்கு எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று கட்டில் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்