மேலே போன சாக்பீஸ்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் "கிளாஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "போகுதுப்பா" என்றாய். அதற்கு மேல் எனக்கும் கேட்க வரவில்லை. அம்மா வேறு பக்கத்தில் இருந்தாள்.

பாடம் எடுக்க ஆரம்பிக்கிற முதல் செமஸ்டர் யாருக்குமே கஷ்டம்தான். ராத்திரி நேரத்தோடு தூங்கு. மறுநாள் பாடத்தை நடுராத்திரியில் உட்கார்ந்து திருத்தாதே.

34 வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயக்கவியல் எடுத்திருக்கிறேன். வருடா வருடம் ஒரு சாக்பீஸைத் தூக்கிப் போட்டு, "உச்சியில ஒரு கணம் நிக்குதே, அப்ப இதோட முடுக்கம் என்ன?" என்று கேட்பேன். பாதிப் பேருக்கு மேல் "பூஜ்யம்" என்பார்கள். பூஜ்யம் திசைவேகம்தான், முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². கணக்கைக் கடகடவென்று போட்டுவிடுகிற பிள்ளைகளும் இதில் தடுக்கி விழுவார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் தன் மாணவர்களிடமே இப்படிப் பார்த்துத்தான், 1991 வாக்கில் பாதி நேரம் தான் பேசுவதை விட்டு, பக்கத்தில் இருப்பவரோடு அவர்களைப் பேசவிட்டார். அதனால் பிள்ளைகள் விழித்தால் உன் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாகத்தான் எடுப்பாய். அந்த நீல நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ அதில் வரைந்த படங்களைத்தான் கடைசி 5 வருடம் போர்டில் போட்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

ஆனால் நீயும் எதைச் சொல்கிறாய்? லீவு போட்டிருக்கிறாய் என்பதே அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. தூங்கு, அது போதும்.

மேரி பட் ரோ என்று ஒருவர், பள்ளி அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவுசெய்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பொறுத்திருப்பது ஒரு நொடிதானாம். 3 நொடி பொறுத்தால் வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள், பதிலும் நீள்கிறது. அதைப் படித்ததிலிருந்து மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுவேன். ஒன்று. இரண்டு. அந்த அமைதி அடிவயிற்றைப் பிசையும். மூன்றுக்குள் எங்காவது கடைசி பெஞ்சில் ஒரு வாய் அசையும். அந்த அசைவுக்காகவே அத்தனை வருடம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பில் எண்ணினேன். வீட்டில் உனக்கு எண்ணவில்லை, பாப்பா. ரிசல்ட் வந்த மறுநாள் என் அறை வாசலில் நின்று, "அப்பா, எனக்கு பிஸிக்ஸ்..." என்று ஆரம்பித்தாய். அப்ளிகேஷனை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடு" என்றேன். போட்டாய். அந்த வாக்கியத்தை நீ முடிக்கவே இல்லை. வேண்டும் என்று வந்தாயா, வேண்டாம் என்று வந்தாயா? கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்து, பயந்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணுகிறேன். "சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

சனிக்கிழமை ராத்திரி நேரத்தோடு தூங்கு.

அப்பா