கெடிலத்துல புது பாலம்: டிராயிங் முடியறதுக்குள்ள ஊர்க்காரங்களையும் கூப்ட்டு பேசுங்க

நெடுஞ்சாலைத்துறை அதிகாரிகளுக்கும் எங்க ஊராட்சி தலைவருக்கும் வணக்கம்.

கெடிலம் ஆத்து மேல இருக்குற எங்க ஊர் பழைய பாலத்த இடிச்சிட்டு புதுசு கட்டப் போறீங்கன்னு தெரிஞ்சதும் ஊரே சந்தோஷப்பட்டுச்சு. மண்ணு டெஸ்ட்டுக்கு ஆத்துல துளை போட்டு மண்ணு எடுத்துட்டு போயாச்சு, டிராயிங் இன்னும் முடியலன்னு சொல்றாங்க, அதனாலதான் இப்பவே எழுதறேன்.

பாலம் இருக்குற நெலமை உங்களுக்கே தெரியும். கைப்பிடி சுவர் உடைஞ்ச எடத்துல சவுக்கு கட்டைய கட்டி வச்சிருக்கோம். அடில போய் பாத்தா சிமெண்ட் பேந்து கம்பி வெளிய தெரியுது, தொட்டா துரு செதில் செதிலா கையோட வருது. தண்ணி உள்ள எறங்கி கம்பி துருப்புடிச்சு ஊதுறதாலதான் கான்கிரீட் வெடிக்குதுன்னு சொல்றாங்க, இனிமே மேல பூசி பிரயோஜனம் இல்ல. ஆத்துல மணல் போயி போயி தரையே எறங்கிடுச்சு, தூணோட அஸ்திவாரம் வெளிய நிக்குது. கரும்பு டிராக்டர் ஒண்ணு ஏறிடுச்சுன்னா எதிர்ல ஸ்கூல் பசங்க சைக்கிள கைல புடிச்சிக்கிட்டு ஓரமா ஒட்டி நிக்கணும்.

அதனால புது பாலம் வேணும். ஆனா புதுசா இருந்தா மட்டும் போதாது சார். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைலேர்ந்து தண்ணி வந்தப்ப திருவண்ணாமலை மாவட்டத்துல அகரம்பள்ளிப்பட்டு பாலம் தென்பெண்ணைல அடிச்சிட்டு போச்சு, 16 கோடில கட்டி தெறந்து மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. வெள்ளம் எவ்ளோ உசரம் வரும்ங்கறத சரியா புடிக்கறதுதான் பாதி வேலை. ரோடு, பாலம் எப்படி கட்டணும்னு விதி போடற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்போட விதியிலயே உள்ளூர்ல விசாரிச்சு வெள்ள மட்டத்த உறுதி பண்ணணும்னு இருக்கு. 2015லயும் 2024லயும் தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு எங்க ஊர்ல சுவத்துல கறை இருக்கு, மாரியம்மன் கோயில் படில எத்தனாவது படி மூழ்குச்சுன்னு காட்டறதுக்கு பெரியவங்க இருக்காங்க. பாலத்துல ரெண்டு தூணுக்கு நடுவுல தண்ணி போற எந்த கண்ணுல ஆகாயத்தாமரையும் மரமும் வந்து அடைக்கும், அடைச்சா தண்ணி எந்த தெரு பக்கம் திரும்பும்னு கரைல பயிர் வைக்கறவங்கள கேட்டா கையோட கூட்டிட்டு போயி காட்டுவாங்க.

அடுத்தது மாத்து பாதை. குழாய் போட்டு மண்ணு கொட்டற டைவர்ஷன் ரோடு ஐப்பசி மழைல நிக்காது, எத்தனையோ ஊர்ல பாத்தாச்சு. எங்க சுடுகாடு அக்கரைல இருக்கு. மழைல ரோடு அறுத்துக்கிட்டு போனா பாடைய எப்படி தூக்கிட்டு போறது? பிரசவ வலி எடுத்த பொண்ண எந்த வழியா கொண்டு போறது? பொங்கல் முடிஞ்ச கையோட வேலைய ஆரம்பிச்சு மழைக்கு முன்னாடி ஆத்துக்குள்ள இருக்கற வேலைய முடிக்க முடியுமான்னு தயவு செஞ்சு பாருங்க.

தை அஞ்சாம் தேதி ஆத்து திருவிழாவுக்கு சாமிங்க எல்லாம் ஆத்துக்கு வரும், அதுக்கு பாலத்து பக்கத்துல எறங்க நல்ல படி வேணும். துணி தொவைக்கற பொம்பளைங்களுக்கும் ஆடு மாடு ஓட்டிட்டு வர்றவங்களுக்கும் அதே படிதான். நடந்து போறவங்களுக்கு தனி நடைபாதையும் லைட்டும் வேணும். டிராயிங்ல இப்பவே ஒரு கோடு போட்டா முடிஞ்சிரும், கட்டி முடிச்சப்புறம் கேட்டா யாரால பண்ண முடியும்?

கலெக்டர் ஆபீஸ்ல காலைல பதினோரு மணிக்கு கூட்டம் வச்சா நூறு நாள் வேலைக்கு போறவங்களும் கரும்பு வெட்டப் போறவங்களும் வர முடியாது. அக்டோபர் 2 கிராம சபைக்கு டிராயிங்க எடுத்துட்டு வாங்க, இல்லன்னா ஏதாவது ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்கூல் மைதானத்துக்கு வாங்க, அக்கரை காலனிக்காரங்களுக்கும் சேத்து தண்டோரா போடச் சொல்லுங்க, அவங்கதான் இந்த பாலத்த அதிகமா நம்பி இருக்கறவங்க. நாங்க சொல்றதுல எத செய்ய முடியும், எத முடியாது, ஏன் முடியாதுன்னு அங்கயே சொல்லிட்டு கிராம சபை தீர்மானத்துலயும் எழுதிடுங்க. தேதி மட்டும் ஒரு வாரம் முன்னாடி சொன்னா போதும், மைக்கு, சேர், டீ எல்லாம் ஊர்ல பாத்துக்கறோம்.