பிரிக்கப்படாத லிவர்பூல் உறைகள்: நூற்பாலைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டார நூற்பாலைச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் வெளிநாட்டுப் பஞ்சு ஏஜென்ட். அமெரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்கா என எங்கிருந்து பேல் (பஞ்சுப் பொதி) வந்தாலும், ஒப்பந்தத் தாளில் விற்பவருக்கும் மில்லுக்கும் நடுவே எங்களைப் போன்ற ஒருவரின் பெயர் இருக்கும். எனக்குக் கமிஷன் தருவது விற்பவர். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே நான் சொல்லப்போவதை எடை போடுங்கள்.

உங்கள் கூட்டங்களில் மின்கட்டணம் பேசப்படுகிறது, இறக்குமதி வரி பேசப்படுகிறது, வங்கி வட்டி பேசப்படுகிறது. வெளிநாட்டுப் பஞ்சு ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் இங்கிலாந்தின் லிவர்பூல் பருத்திச் சங்கத்திலிருந்து வரும் நடுவர் நோட்டீஸைப் பற்றி மட்டும் மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. அது காபி இடைவேளையில் காதோடு காதாகப் பேசும் சங்கதியாகிவிட்டது. அந்த இடைவேளையில்தான், 'பதில் போட்டுவிடாதீர்கள், போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்' என்ற யோசனையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. இந்தத் தொழிலில் இதைவிடக் கெட்ட யோசனையை நான் கேட்டதில்லை. இதைச் சங்கமே வெளிப்படையாக மறுக்க வேண்டும். இந்த மடல் எழுதுவதே அதற்காகத்தான்.

திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லின் அலுவலகத்தில் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய கூரியர் உறைகள் ஐந்தும் ஒட்டுப் பிரியாமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முதல் உறையில், விற்பவர் தன் தரப்பு நடுவரை நியமித்துவிட்ட அறிவிப்பு. இரண்டாவதில், உங்கள் நடுவரை நீங்கள் நியமியுங்கள் என்ற வேண்டுகோளும் அதற்கான கெடுவும். மூன்றாவதில், நீங்கள் நியமிக்காததால் உங்களுக்காக லிவர்பூல் சங்கத்தின் தலைவரே ஒருவரை நியமித்துவிட்டார் என்ற தகவல். நான்காவதில் விற்பவரின் கோரிக்கை மனு, ஆதாரங்களோடு. பதில் சொல்ல நாள் குறித்திருந்தது. ஐந்தாவதில் தீர்ப்பு. அதுவரை பிரிக்காத அந்த ஐந்து உறைகளின் மேலும் மில்லின் 'பெறப்பட்டது' முத்திரை தேதியோடு பளிச்சென்று இருந்தது. நோட்டீஸே வரவில்லை என்று பிற்பாடு எந்தக் கோர்ட்டில் சொல்ல முடியும்?

அனுப்புவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1841-ல் லிவர்பூல் பஞ்சுத் தரகர்கள் கூடித் தொடங்கிய சங்கத்தின் வழித்தோன்றல்தான் இன்றைய சர்வதேசப் பருத்திச் சங்கம், சுருக்கமாக ஐ.சி.ஏ. 2004 வரை அது லிவர்பூல் பருத்திச் சங்கம் என்றே இருந்தது. நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கு லிவர்பூல் சந்தையில் தனி விலை சொல்லப்பட்ட காலம் ஒன்று உண்டு. அன்று விற்கும் பக்கம் நின்றோம், இன்று வாங்கும் பக்கம் நிற்கிறோம். லங்காஷயர் மில்கள் மூடிப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் நாடு விட்டு நாடு போகும் பஞ்சில் பெரும்பகுதி இன்றும் அந்த ஊர் விதிகளின்படிதான் கைமாறுகிறது. ஒப்பந்தத்தின் அடியில் 'ஐ.சி.ஏ. விதிகள், ஐ.சி.ஏ. நடுவர் தீர்ப்பு' என்று ஒற்றை வரி இருக்கிறதே, அதில் கையெழுத்திட்ட நிமிடமே ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்துக்குள் போய்விடுகிறது. விலை, ஸ்டேப்பிள் (இழை நீளம்), மைக்ரோனேர் (இழையின் மென்மை அளவு), ஷிப்மென்ட் மாதம் என்று நான்கையும் நான்கு முறை பார்க்கும் முதலாளிகள், அந்த ஒரு வரியை அச்சகத்தின் பெயரைப் போலத் தாண்டிப் போகிறார்கள்.

அந்த வரிக்குள் இருப்பவற்றில் முக்கியமானது ஒன்று. ஐ.சி.ஏ. விதிகளின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. நிறைவேறாத ஒப்பந்தம் 'இன்வாய்ஸிங் பேக்' முறையில் முடித்து வைக்கப்படும். அதாவது பஞ்சை விற்பவருக்கே திருப்பி விற்றதாகக் கொண்டு, ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் தீர்க்கப்படும். 'எல்.சி. (விற்பவருக்கு வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறக்கவில்லை, சரக்கு ஏறவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, விஷயம் முடிந்தது' என்று நம் ஊரில் நினைப்பதெல்லாம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் நியூயார்க் வாயிதா (முன்பேர) விலை பவுண்டுக்கு ஒன்றரை டாலரைத் தொட்டது. உள்ளூரில் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அக்டோபர் கடைசிக்குள் நியூயார்க் விலை பாதியாகிவிட்டது. 500 டன்னை 1 டாலர் 50 சென்ட்டுக்கு ஒப்புக்கொண்ட மில் ஒன்று, விலை 1 டாலர் 35 சென்ட்டில் இருக்கும்போதே 'எங்களால் எடுக்க இயலாது, முடித்துக்கொள்வோம்' என்று எழுதியிருந்தால், 500 டன் என்பது ஏறத்தாழ 11 லட்சம் பவுண்டு, வித்தியாசம் 15 சென்ட், ஆக 1 லட்சத்து 65 ஆயிரம் டாலர். டாலருக்கு 80 ரூபாய் வைத்தால் 1 கோடியே 32 லட்சம். வலிக்கும், ஆனால் தாங்கலாம். அதே மில் 'அடுத்த வாரம் எல்.சி. திறக்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் தவணை சொல்லி, விலை 1 டாலருக்கு இறங்கிய பிறகு மௌனமானால் வித்தியாசம் 50 சென்ட். 4 கோடியே 40 லட்சம். ஒப்பந்தம் நிறைவேறாது என்று இரு தரப்புக்கும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாள் எது என்பதைத்தான் நடுவர்கள் தேடுவார்கள். அந்த வாட்ஸ்அப் தவணைகள் எல்லாம் அந்த நாளைத் தள்ளித் தள்ளி வைத்த சாட்சிகளாகி முன்னால் வந்து நிற்கும்.

'தீர்ப்பு இங்கிலாந்தில்தானே, இங்கே வந்து என்ன செய்வான்' என்பது அடுத்த ஆறுதல். 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர். நம் 1996-ன் நடுவர் சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்றுவதற்கென்றே எழுதப்பட்டது. 48-ஆம் பிரிவு சொல்லும் சில காரணங்கள் தவிர வேறு எதற்காகவும் மறுக்க இயலாது. விலை சரியா, நடுவர் கணக்குப் போட்டது சரியா என்று உயர் நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது. கோதுமை பேரம் ஒன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம் 'பொதுக் கொள்கை' என்ற காரணத்தின் எல்லையையும் குறுக்கிவிட்டது. 2020-ல் நாஃபெட் (தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம்) தப்பித்ததே என்று சிலர் சொல்வார்கள். அது 1980-ன் நிலக்கடலை ஒப்பந்தம். ஏற்றுமதிக்கு அரசே அனுமதி மறுத்த வழக்கு. அதைக் காட்டி விலைச் சரிவுக்கு விலக்குக் கேட்பது பொருந்தாது. நாற்பது ஆண்டு வழக்கு நடத்த எந்த மில்லிடம் பணம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கோர்ட்டை விடுங்கள். தீர்ப்புத் தொகையைக் கட்டாத நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஐ.சி.ஏ. வெளியிடுகிறது. அதில் பெயர் ஏறினால் ஐ.சி.ஏ. உறுப்பினர் எவரும் அந்த மில்லுக்குப் பஞ்சு விற்கக் கூடாது. மீறினால் அவர்கள் மேல் நடவடிக்கை. உலகின் பெரிய பஞ்சு வியாபாரிகள் பெரும்பாலும் அதன் உறுப்பினர்கள். தம்பி பெயரில், மருமகன் பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி வாங்கலாம் என்றால், தொடர்பு நிரூபிக்கப்பட்ட நிறுவனங்களைச் சேர்க்கப் பட்டியலில் இரண்டாம் பகுதியும் இருக்கிறது. பிறகு உள்ளூர் இடைத்தரகரிடம் கூடுதல் விலை கொடுத்துத்தான் அமெரிக்கப் பஞ்சு வாங்க வேண்டும். நூறாம் கவுண்டுக்கும் மேல் மிக மெல்லிய நூல் நூற்கும் மில்லுக்கு இது மூச்சைத் திணறடிக்கும் விஷயம்.

இத்தனையும் சொல்லிவிட்டு லிவர்பூலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் வருத்தங்கள் உண்டு. விற்பவர் சரக்கை அனுப்பாமல் போனால், நம் ஆர்டர் போனதற்கும் நூற்கும் கதிர்கள் நின்றதற்கும் பொதுவாக இழப்பீடு கிடையாது. விலை வித்தியாசம் மட்டும்தான். பின்விளைவு நஷ்டம் வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ஃபோர்ஸ் மேஜரும் (கையை மீறிய காரணத்தால் தவறினால் விலக்கு என்ற ஷரத்து) அப்படித்தான். 2012 மார்ச் 5-ல் இந்தியா பஞ்சு ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியபோது, அந்த ஷரத்து இல்லாமல் விற்றிருந்த நம் ஏற்றுமதியாளர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. நடுவர் கட்டணம் சிறு மில்லுக்குக் கனமானது. நடுவர்களாக உட்காருபவர்களில் வியாபாரிகளே அதிகம், நூற்பவர்கள் குறைவு என்ற முறையீடும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் விதி இரு பக்கமும் வெட்டும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2010 ஆகஸ்டில் 1 டாலருக்குக் கீழே இருந்த உலக விலை 2011 மார்ச்சில் 2 டாலரைத் தாண்டியபோது, குறைந்த விலைக்கு விற்றிருந்தவர்கள் ஷிப்மென்ட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் விலை மறுபடி 1 டாலருக்கு அருகே இறங்கியபோது, எல்.சி. திறக்காமல் இழுத்தடித்தவர்கள் மில்காரர்கள். முதல் கட்டத்தில் ஏமாந்த மில் ஒவ்வொன்றும் வித்தியாசத்தைக் கேட்டு லிவர்பூலுக்குப் போயிருக்கலாம். நம் பக்கத்தில் எத்தனை பேர் போனார்கள்? 'அவனோடு இன்னும் வியாபாரம் செய்ய வேண்டுமே' என்று விட்டுவிட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

தர விஷயத்திலும் இதே கதை. பேல் வந்ததும் கட்டுப் பட்டையை வெட்டி, நேரே மிக்சிங்கில் போட்டு, கார்டிங்கில் ஒட்டத் தொடங்கிய பிறகு பஞ்சின் தரம் பார்க்கும் செலக்டர் ஓடி வந்து 'பஞ்சில் தேன்பனி (பூச்சி விட்ட ஒட்டும் கசிவு) இருக்கிறது' என்பார். அதற்குள் பாதி லாட் நூலாகிவிட்டிருக்கும். சாம்பிள் எடுப்பதற்கு, எடை குறைவுக்கு, ஈரத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தனித்தனிக் கெடு இருக்கிறது. கன்ட்ரோலர் (சரக்கைச் சோதிக்கும் மேற்பார்வை நிறுவனம்) முன்னிலையில், பேல் எண் குறித்து, முத்திரையிட்டு எடுத்த சாம்பிளுக்குத்தான் மதிப்பு. செலக்டர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பஞ்சு யாரிடமும் செல்லாது.

வரி விலக்குக் காலத்தில் இன்னொரு பொறி. 2022 ஏப்ரல் 14-ல் 11 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டது, செப்டம்பர் 30 வரைக்கும் என்று. 2025 ஆகஸ்ட் 19-லும் அதேபோல் வந்து, செப்டம்பர் 30 என்ற கெடு பின்னர் டிசம்பர் 31 வரை நீட்டப்பட்டது. கப்பல் தாமதமாகிக் கெடு தாண்டினால் அந்த 11 சதவீதம் யார் தலையில்? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மில் தலையில்தான். விலை பேசும் நாளில் விற்பவரிடம் இதைக் கேட்டு வாங்க முடியும். கப்பல் கொழும்பில் நிற்கும்போது கேட்டால் சிரிப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஐ.சி.ஏ. விதிகளில் மில்லைத் தொடும் பகுதிகளைத் தமிழில் ஒரு கைப்புத்தகமாகப் போடுங்கள். கெடுக்கள் மட்டும் ஒரே தாளில், அலுவலகச் சுவரில் ஒட்டும்படி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் படித்துச் சொல்ல, இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞரைச் சங்கச் செலவில் வையுங்கள். பத்தாயிரம் கதிர் மில்லால் தனியாக அவரை வைத்துக்கொள்ள முடியாது. நோட்டீஸ் வந்த உறுப்பினர் வெட்கப்படாமல் சங்கத்துக்கு வரலாம், பெயர் வெளியே போகாது என்று அறிவியுங்கள். ஓய்வுபெற்ற செலக்டர்கள், பஞ்சு மேலாளர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதத் தகுதியுள்ள சிலரை ஐ.சி.ஏ. நடுவர் பயிற்சிக்கு அனுப்புங்கள். நடுவர் குழுவில் நூற்பவர் இல்லை என்று குறை சொல்வதைவிட அது பலன் தரும்.

தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்ய மத்திய ஜவுளி அமைச்சகம் தலையிட வேண்டும் என்று மனு எழுதும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். அமைச்சகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மனு போட்டுக் காத்திருக்கும் காலத்தில் மேல்முறையீட்டுக் கெடு முடிந்துபோகும். மேல்முறையீட்டுக் குழு வழக்கைப் புதிதாகவே கேட்கும். முதல் சுற்றில் வாய் திறக்காதவருக்கும் அது ஒரு நல்ல வாய்ப்பு.

கைப்புத்தகத்துக்கு என்னிடம் தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன. கேட்கும் சங்கத்துக்குக் கட்டணமில்லாமல் தருகிறேன். விற்பவரிடம் கமிஷன் வாங்குபவன் எழுதியது என்ற சந்தேகம் இருந்தால், உங்கள் வழக்கறிஞரை வைத்து வரிக்கு வரி சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் மின்கட்டணத்துக்கு அடுத்தபடியாக இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பஞ்சு ஏஜென்ட்