கேள்விப் பட்டியலில் ஒரு திருத்தம்

அன்புள்ள கவிதா,

ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்தை அனுபவித்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். கதிர்வீச்சு, அது இது என்று அவர் தன் பங்குக்குப் பயந்துகொண்டிருக்கிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். வானொலியில் இருந்த காலமெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

நீ அனுப்பிய பட்டியலில் எட்டாவது கேள்வியை அடித்துவிடு. “ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தீர்கள்?”

நமியே ஊர்க்காரர்களைத்தான் முதலில் பார்க்கப் போகிறாயாமே. அவர்கள் சும்மா இருக்கவில்லை. பூகம்பமும் சுனாமியும் வந்து உலை கெட்ட மறுநாளே, 2011 மார்ச் 12 அன்று, கடலோரத்தை விட்டு சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போனார்கள். உலையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தள்ளிப் போனால் தப்பிக்கலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கினார்கள், பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். 15ஆம் தேதி காற்று வடமேற்கே வீசியது. மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத் தூசியை அந்த மலையிலேயே இறக்கிவிட்டன. தூசி எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க அரசிடம் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு இருந்தது. அது சொன்னதை ஊருக்கு யாரும் சொல்லவில்லை. 23ஆம் தேதிதான் வெளியிட்டார்கள். அப்போதைய மேயர் தமோட்சு பாபா இதைக் கொலைக்குச் சமம் என்றார்.

அங்கே பிள்ளையை விளையாட விட்ட ஒரு தாயிடம் போய் ‘ஏன்’ என்று கேட்டால் என்ன ஆகும்? தெரிந்தும் சொல்லாதவர்கள் ஒரு பக்கம் இருக்க, பழி அவள் தலையில் விழும். தூக்கி வைத்தது நீயாக இருப்பாய்.

சின்னச் சின்னதாகக் கேள். யார் சொல்லிக் கிளம்பினீர்கள், காரில் யார் யார், கையில் என்ன எடுத்தீர்கள், முதல் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள். வெள்ளத்தில் சிக்கியவர் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் காட்டுவார். கதிர்வீச்சில் காட்ட ஒன்றுமில்லை. யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதுதான் சாட்சியம். செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 விடிவதற்குள் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்தைக் காலி செய்ததோ மறுநாள் பிற்பகல். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் அந்த மக்கள் பஸ் ஏறினார்கள். அப்படிப்பட்டவரின் பையில் என்ன இருந்தது என்று கேட்டாலே போதும், அதிகாரிகள் அவரிடம் என்ன சொன்னார்கள் என்பது வந்துவிடும்.

அந்த மார்ச் மாதத்தோடு பேச்சை முடித்துவிடாதே. ஃபுகுஷிமா மாகாணத்தில் சுனாமியில் நேரடியாக இறந்தவர்களைவிட, அதற்கப்புறம் இடம்பெயர்ந்த அலைச்சலிலும் நோயிலும் மனச்சோர்விலும் இறந்தவர்கள் அதிகம். 2,300 பேருக்கு மேல். அவர்களைப் பற்றி வீட்டு மனிதர்கள்தான் சொல்ல முடியும்.

ஃபுதாபாவில் 2020இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில், அனுபவம் சொல்ல வருபவர்கள் குறிப்பிட்ட அமைப்புகளை விமர்சிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உன்னிடம் யாராவது அரசையோ மின் நிறுவனத்தையோ திட்டினால் ஒரு சொல்லையும் வெட்டாதே. அதற்காகத் தூண்டியும் விடாதே. திட்டாதவரும் இருப்பார், உலையில் வேலை பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

பதிவின் பிரதி ஒன்றை அவரவரிடம் கொடுத்துவிடு. பிறகு மனம் மாறி ‘வேண்டாம்’ என்றால், வாதாடாமல் எடுத்துவிடு. அப்புறம், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதே. அந்த ‘உர்ர்’ சத்தம் ஒலிப்பதிவில் ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

அன்புடன்,
அம்மா