அஞ்சுக்கு ஒம்பது கட்டம்

டேய் செல்வம்,

எப்படிடா இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லயா? போன் போட்டா அஞ்சு நிமிஷத்துல வச்சிடுற, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

கடைல போன வாரம் ஒரு கூத்து. புதுசா ஜிம் தொறக்குற பையன் ஒருத்தன், 'அண்ணே, ஸ்பேஸ்ஷிப்ல எழுதியிருக்குமே அந்த மாதிரி எழுத்து வேணும்'னான். நானும் சரின்னு மூலையெல்லாம் வெட்டுன ஒரு ஃபான்ட்ட எடுத்து பேரு, டைமிங், ஃபீஸ், போன் நம்பர் வரைக்கும் அதுலயே அடிச்சு ஃப்ளெக்ஸும் போட்டுட்டேன். பேரு மெரட்டலா இருந்துச்சு. நம்பர்ல ஆறு எது எட்டு எதுன்னு எனக்கே தெரியலடா. ஃப்ளெக்ஸ் காசு என் தலைல.

அந்த கடுப்புல இந்த எழுத்தெல்லாம் எவன் ஆரம்பிச்சதுன்னு ராத்திரி தேடுனேன். நெதர்லாந்துல விம் க்ரௌவெல்னு ஒரு டிசைனர். அப்ப எழுத்த டியூப் ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா காட்டி அச்சுக் கோக்குற மெஷின் புதுசு, அதுல காரமாண்ட்னு ஒரு பழைய ஃபான்ட்ட ஓட்டுனா வளைவெல்லாம் எலி கடிச்ச மாதிரி வந்திருக்கு. மத்தவங்க மெஷின சரி பண்ணப் பாக்க, இவரு எழுத்தையே மாத்துவோம்னு 1967ல நியூ அல்ஃபபெட்னு ஒன்னு போட்டாரு. வளைவே கிடையாது, படுத்த கோடு, நின்ன கோடு, திரும்புற இடத்துல 45 டிகிரி வெட்டு, அவ்ளோதான். பெரும்பாலான எழுத்து அஞ்சுக்கு ஒம்பது கட்டத்துல அடங்கிடும். இங்கிலீஷ் m-க்கு அந்த அகலம் பத்தாதில்ல, என்ன பண்ணாரு தெரியுமா, n எழுத்த போட்டு அடில ஒரு கோடு இழுத்துட்டாரு! நாம சுவத்துல நூல் அடிச்சு கட்டம் போடுவோமே, m வந்தா பக்கத்து கட்டத்துல கொஞ்சம் திருடிக்குவோம், இந்த மனுஷன் அதுகூட பண்ணல.

படிக்கவே முடியலன்னு திட்டியிருக்காங்க, அவரே இது யூஸ் பண்றதுக்கு போட்டதில்லன்னு சொல்லிட்டாரு. ஆனா 1988ல ஜாய் டிவிஷன் பேண்டோட சப்ஸ்டன்ஸ் ஆல்பம் அட்டைல அதே எழுத்து. அதுலயும் ஜனங்க படிக்கணுமேன்னு கொஞ்சம் தில்லுமுல்லு, க்ரௌவெல் கணக்குல பாத்தா அந்த வார்த்தைல வர்ற a எழுத்து a-வே இல்ல, ஒன்னாம் நம்பர். 2011ல நியூயார்க் மோமா மியூசியம் வேற இத கலெக்ஷன்ல சேத்துக்குச்சு. அட்டைல ஒத்த வார்த்தை, பெருசா, சுத்தி காலி இடம், அங்கதான்டா இது நிக்குது. நான் அதுல ஃபீஸ் டீடெயில் அடிச்சிருக்கேன் பாரு.

இப்ப பேரு மட்டும் அந்த ஃபான்ட்ல, நம்பர் சாதா ஃபான்ட்ல மாத்திக் குடுத்தாச்சு. பையன் நம்பரும் ஸ்பேஸ்ஷிப் மாதிரியே இருந்திருக்கலாம்ணேங்குறான், என்னத்த சொல்ல.

பொங்கலுக்கு வர்றப்ப அந்த பழைய பட்டை பிரஷ் இருந்தா எடுத்துட்டு வா, கடை ஷட்டர்ல நாமளே கையால எழுதிப் பாப்போம்.

பாண்டி