வட்டக் கோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கு,

நம் ஆலயக் கோபுரத்தின் திருப்பணி முடிந்து சாரம் பிரித்தாயிற்று. மறைமாவட்டத்தின் ஃபேகல்ட்டியில் (ஆலயக் கட்டட வேலைக்குச் சபை தரும் எழுத்து அனுமதி) கண்ட வேலைகள் அனைத்தும் நிறைவேறின.

நம் கோபுரத்தின் அடிப்பகுதி நார்மன் காலத்து (11–12ஆம் நூற்றாண்டு) வட்டம். மணி தொங்கும் எண்கோண அடுக்கு பிற்காலத்தில் ஏற்றியது. வட்டக் கோபுர ஆலயங்கள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் மட்டும் 120க்கு மேல் உண்டு. இவை பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்லால் கட்டியவை. அந்தக் கல்லில் மூலை கட்டுவது கடினம் என்பதும் வட்ட வடிவத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சக்கிமுக்கிக் கல் தண்ணீரை உறிஞ்சாது. சுவருக்குள் போன ஈரம் இடுக்கிலுள்ள சாந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்பு நடந்த பழுதுபார்ப்பில் சிமெண்ட் பூசி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். மயிரிழை விரிசல்களில் மழை இறங்கியது, வெளியேற வழியில்லை. குளிரில் உறைந்து கற்களை வெளியே தள்ளியது. உட்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டே எடுத்தோம். கிரைண்டர் கல்லின் விளிம்பைச் சிதைக்கும். இடுக்குகளைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம் சுரண்டினோம். நீரில் இறுகும் சுண்ணாம்பு (என்எச்எல் 3.5 என்ற தரம்) 1 பங்கு, கூர்மணல் (சொரசொரப்பான கட்டட மணல்) 3 பங்கு, இதுவே புதுச் சாந்து. உள்ளிருந்த பழஞ்சாந்தை மட்டும் நனைத்தோம். கல்லில் ஈரம் நின்றால் சாந்து வழுக்கும். அகன்ற இடுக்குகளில் கற்சில்லுகளை விளிம்பு தெரியச் செருகினோம். சாந்தின் பருமன் குறைந்தால் சுருங்கி வெடிப்பதும் குறையும். பழைய கொத்தர்களின் கைவேலையும் இதுவே. அவர்கள் செருகிய சில்லுகள் சிமெண்டுக்கு அடியில் வரிசை கலையாமல் இருந்தன. அவற்றில் ஒன்றையும் பிடுங்கவில்லை.

சாந்து விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் முரட்டுத் தூரிகையால் தட்டிவிட்டோம். கரண்டியால் மழமழவெனத் தேய்த்தால் மேலே சுண்ணாம்பு ஆடை கட்டி மறுபடி ஈரத்தை அடைக்கும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தினோம். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கிய நாட்களில் வேலை நிறுத்தப்பட்டது. தாமதத்துக்கு இதுதான் காரணம்.

உட்சுவரில் தானாக உதிர்ந்ததை மட்டும் அகற்றினோம். இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்ட் காலத்தில் (1547–1553) ஆலய ஓவியங்களின்மேல் வெள்ளையடிக்கப்பட்டது. அடியில் இருப்பதைப் பாராமல் கொத்தக் கூடாது. சுவர் முழுதும் காய ஆண்டுக்கணக்கில் ஆகும். கறை தெரிகிறதே என்று யாரும் எமல்ஷன் பெயிண்ட் அடிக்க வேண்டாம்; சுண்ணாம்பு வெள்ளை மட்டுமே.

மழைநீர்க் குழாய்களை இலையுதிர்ந்ததும் ஒருமுறை, வசந்தத்துக்கு முன் ஒருமுறை துப்புரவு செய்ய ஆட்கள் தேவை. ஐந்தாண்டுக்கொருமுறை கட்டடக் கலைஞர் செய்யும் ஆய்வுக்காக, அந்தத் தேதிகளை ஆலயப் பதிவேட்டில் குறித்து வைக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு