கோப்பை வென்ற மதுரைக்கு ஒரே ஒரு வரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 2018-ஆம் ஆண்டைத் தமிழ்நாட்டின் கோப்பை ஆண்டு என்று கொண்டாடிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சென்னையின் எஃப்.சி. பெங்களூருக்கே போய் பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தி ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பை வென்றது, தடை முடிந்து வந்த சி.எஸ்.கே. ஐ.பி.எல். வென்றது, இறுதி ஆட்டத்தில் வாட்சன் அடித்த 117 எல்லாம் படிக்க நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த வரிதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது: "இவை தவிர, உள்ளூர்த் தொடர் ஒன்றில் மதுரை அணியும் கோப்பை வென்றது."

அந்தத் தொடரின் பெயர் டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாட்டு ஊர் அணிகள் மோதும் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட், என்பது தாங்கள் அறியாததல்ல. முதல் இரண்டு சீசனிலும் அடி வாங்கிய அணி, புதுப் பெயரோடு மதுரை பேந்தர்ஸாக வந்து, சேப்பாக்கத்தில் திண்டுக்கல்லைத் தோற்கடித்தது. 118 ரன் இலக்கு. ஆரம்பத்திலேயே மூன்று விக்கெட் போய்விட்டது. அருண் கார்த்திக் 75 ரன்னோடும் ஷிஜித் சந்திரன் அந்தப் பக்கமும் கடைசிவரை நின்று ஜெயித்துக் கொடுத்தார்கள். இதில் ஒரு எழுத்துகூட தங்கள் கட்டுரையில் இல்லை. அதே தொடரில் மதுரைக்குப் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியைத்தான் அந்த டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அதுவும் இல்லை.

காவிரிப் போராட்டத்தால் சி.எஸ்.கே. ஆட்டங்கள் புனேவுக்குப் போன வருத்தத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். சரி, அது நியாயமான வருத்தம். சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கோப்பை வாங்கிய மதுரைக்கு அப்படியானால் எத்தனை பத்தி வேண்டும்? அந்த வருடம் ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், திருநெல்வேலியில். எங்கள் தெருப் பையன்கள் நத்தத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரி பஸ் கிடைக்காமல் லாரியில் ஏறி வந்தார்கள்.

மேலமாசி வீதிப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். கோப்பை வாங்கிய வாரம் மதுரை ஜெர்சி கேட்டு வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பினேன். மொத்த வியாபாரியிடம் கேட்டால், "அதை யார் அண்ணாச்சி கேக்குறா?" என்றார். மஞ்சள் ஜெர்சி மட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பத்திரிகையில் படம் வந்தால்தானே மற்ற ஊரில் கேட்பார்கள்? அந்த வருடம் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் இறங்கிய சி.எஸ்.கே. பதினொருவரில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை என்பதையும் வலியோடுதான் எழுதுகிறேன். எனக்கும் தோனியைப் பிடிக்கும். ஆனால் நம் மாநிலப் பையன்கள் ஆடி வாங்கிய கோப்பை எப்படி 'இவை தவிர' ஆகும்?

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. தை மாதம் ஜல்லிக்கட்டுக்கும் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும்தான் தங்கள் நிருபர் இந்த ஊருக்கு வருகிறார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகளைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி பார்த்ததில்லை. 2025-இல் மதுரைக்குப் பெரிய கிரிக்கெட் மைதானம் வந்து தோனி திறந்து வைத்தபோதும், திறந்தவர் படம்தான் பெரிதாக வந்தது. இனி எங்கள் பிள்ளைகள் அங்கே ஆட முடியுமா, கட்டணம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. இதைப் பற்றி அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் பாராட்டாக இருந்த பாதி மட்டும் அச்சில் வந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். 2018-இல் கோப்பையோடு நிற்கும் மதுரை அணியின் படம் ஒன்றை, கேப்டன் ரோஹித் தொடங்கி எல்லார் பெயரும் பிழையில்லாமல் போட்டு வெளியிடுங்கள். கடைச் சுவரில் ஒட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் இடமில்லை என்றால் அதற்கடுத்த இதழில் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை.